மூணு பேர் டீமுக்கு லோக்கல்ல டாக்கர் தேவையா, இல்ல வெட்டி வேலையா?

மூணாவது_ஆள்:
மக்களே ஒரு பஞ்சாயத்து. நாங்க மூணு பேர், ஒரே ஒரு வெப்சைட், பிஎச்பி ஃப்ரேம்வொர்க் லாரவெல்ல எழுதினது, பின்னாடி மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ், மெமரில டேட்டா வைக்கிற ரெடிஸ். ஒருத்தர்கிட்ட மேக், ஒருத்தர்கிட்ட விண்டோஸ், நான் உபுண்டு. போன வாரம் சர்வர்ல இருந்து டம்ப், அதாவது டேட்டாபேஸோட காப்பி, எடுத்துட்டு வந்து லோக்கல்ல, என் மெஷின்ல, ஏத்துறேன், தெரியாத கொலேஷன்னு (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்துற விதி) எரர் வந்து நிக்குது, எனக்கு மட்டும்தான், மத்த ரெண்டு பேருக்கும் ஜம்முனு ஓடுது. அரை நாள் தலைய பிச்சுக்கிட்டு கடைசில பாத்தா சர்வர்ல இருக்கிறது மைஎஸ்கியூஎல் 8, என் மெஷின்ல இருக்கிறது பழைய மரியாடிபி, மைஎஸ்கியூஎல்ல இருந்து பிரிஞ்சு வந்த டேட்டாபேஸ். ரெண்டும் ஒண்ணுதானேன்னு நெனச்சேன். இப்ப டீம்ல ஒருத்தர் எல்லாத்தையும் டாக்கருக்கு, அதாவது ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் அதுக்கு வேண்டியதோட கண்டெய்னர்ங்கிற தனிப் பெட்டில ஓட்டுற முறைக்கு, மாத்திடலாங்கிறாங்க, இன்னொருத்தர் ஆளை விடுங்கிறார். நான் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்.

பழைய_செர்வர்காரன்:
எலிக்கு பயந்து வீட்டைக் கொளுத்துன கதையா இருக்கு. மரியாடிபிய தூக்கிட்டு மைஎஸ்கியூஎல் 8 போட்டா பத்து நிமிஷத்துல முடியிற வேலை. எந்த வெர்ஷன் வேணும்னு ரீட்மீல, அதான் ப்ராஜெக்டோட குறிப்பு ஃபைல்ல, நாலு வரி எழுதி வைங்க, முடிஞ்சது. மூணு பேருக்கு எதுக்குங்க இத்தனை அடுக்கு?

கண்டெய்னர்_கண்ணம்மா:
ரீட்மீய கடைசியா யார் திறந்து பாத்தீங்க, கை தூக்குங்க. எழுதின அன்னிக்கு சரியா இருக்கும், ஆறு மாசம் கழிச்சு பிஎச்பி வெர்ஷன ஏத்தியிருப்பாங்க, ரீட்மீய யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. எந்தெந்த கண்டெய்னர் எப்படி ஓடணும்னு எழுதி வைக்கிற கம்போஸ் ஃபைல் அப்படி இல்ல, தப்பா இருந்தா ஓடாது, ஓடலன்னா யாராவது சரி பண்ணித்தான் ஆகணும். டேட்டாபேஸ் இமேஜுக்கு (கண்டெய்னர் உருவாகுற அச்சு) பக்கத்துல 8.0ன்னு எழுதி, கோட் இருக்கிற கிட்ல போட்டா மூணு பேருக்கும் அதேதான் வரும். சோம்பேறித்தனமா லேட்டஸ்ட்னு மட்டும் போட்டுடாதீங்க, இன்னிக்கு இழுக்கிறவருக்கு ஒண்ணு, அடுத்த வருஷம் இழுக்கிறவருக்கு வேற ஒண்ணு வரும். மைஎஸ்கியூஎல் 8.4ல பழைய நேட்டிவ் பாஸ்வேர்ட் முறைய டிஃபால்டாவே அணைச்சுட்டாங்க, பழைய ஆப் இருந்தா லாகினே ஆகாம நிக்கும்.

பழைய_செர்வர்காரன்:
சரிங்க மேடம், அந்த மேக் ஆளு பாவம் இல்லையா? லினக்ஸ்ல டாக்கர்னா மெஷினோட அதே கர்னல்ல நேம்ஸ்பேஸ்னு தடுப்பு போட்டு பிரிச்சு ஓட்டுது, கூடுதல் பாரம் பெருசா ஒண்ணும் இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா மேக்லயும் விண்டோஸ்லயும் உள்ளுக்குள்ள ஒரு லினக்ஸ் விஎம் (மெஷினுக்குள்ள இன்னொரு மெஷின் மாதிரி) ஓடிக்கிட்டு இருக்கு, மெமரிய அது ஒரு பக்கம் தின்னும். கோட் ஃபோல்டர வெளியில இருந்து மவுண்ட் பண்ணி கண்டெய்னருக்குள்ள காட்டினா ஒவ்வொரு ஃபைல் திறக்கும்போதும் அந்த எல்லைய தாண்டிப் போய் வரணும். லாரவெல் ஒரு பேஜுக்கு, லைப்ரரி எல்லாம் இருக்கிற வெண்டர் ஃபோல்டர்ல இருந்து எத்தனை ஃபைல் திறக்கும்னு உங்களுக்கே தெரியும். நானே மேக்ல ஒரு ப்ராஜெக்ட இப்படி ஓட்டி, ரிஃப்ரெஷ் அழுத்திட்டு எழுந்து போய் தண்ணி குடிச்சுட்டு வந்த ஆளு.

ஜன்னலோரம்:
விண்டோஸ் கட்சில இருந்து ஒரு குரல். இங்க எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணே ஒண்ணுதான், ப்ராஜெக்ட சி டிரைவ்ல வெச்சுட்டு விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்டுற டப்ள்யூஎஸ்எல் 2 வழியா ஓட்டுறது. ஆமை வேகம், அதோட ஃபைல சேவ் பண்ணினா மாறிடுச்சுங்கிற சேதியே உள்ள போய்ச் சேராது, அதனால ஃபைல் மாறுறதைக் கவனிக்கிற வாட்சர் தூங்கும், பேஜ் ரீலோட் ஆகாது, நீங்க கோட்ல தப்புன்னு நெனச்சு தேடிக்கிட்டு இருப்பீங்க. ப்ராஜெக்ட டப்ள்யூஎஸ்எல்லுக்குள்ள ஹோம் ஃபோல்டர்ல க்ளோன் பண்ணுங்க, ரெண்டு தொல்லையும் போயிடும். எனக்கு இது தெரிய மூணு மாசம் ஆச்சு.

கண்டெய்னர்_கண்ணம்மா:
மேக்லயும் இப்ப விஎம்மோட ஃபைல பகிர்ற வெர்ட்டையோஎஃப்எஸ் முறை வந்த பிறகு முன்ன மாதிரி மோசம் இல்ல. வெண்டரையும், ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி இருக்கிற நோட் மாட்யூல்ஸையும் பேர் வெச்ச வால்யூம்ல (டாக்கர் தானே வெச்சுக்கிற சேமிப்பு இடம்) போட்டுட்டா அது விஎம்முக்குள்ளயே இருந்துடும், எல்லை தாண்டுற வேலையே இல்ல. என்ன, எடிட்டர்ல அந்த ஃபோல்டர் காலியா தெரியும், அதனால ஆட்டோகம்ப்ளீட் சொதப்பும். அது ஒரு எரிச்சல்தான், மறைக்க விரும்பல.

மூணாவது_ஆள்:
பேசிக்கிட்டே இருந்தா ஆகாதுன்னு நேத்து ராத்திரி உக்காந்து ஒரு கம்போஸ் ஃபைல் எழுதிட்டேன். ஆப், டிபி, ரெடிஸ்னு மூணு சர்வீஸ். எல்லாம் பச்சையா ஓடுது, ஆனா ஆப்ல இருந்து டேட்டாபேஸுக்கு கனெக்ஷன் மறுக்குது. செட்டிங்ஸ் இருக்கிற டாட் என்வ் ஃபைல்ல டிபி ஹோஸ்ட் 127.0.0.1ன்னுதான் இருக்கு, வெளியில இருந்து மைஎஸ்கியூஎல் ஒர்க்பென்ச் ஆப்ல அதே அட்ரஸ்ல கனெக்ட் ஆகுது. என் மெஷின்ல 3306ல பழைய மரியாடிபி இன்னும் ஓடுறதால 3307ன்னு போர்ட் மாத்தி வெச்சிருக்கேன், அதுவா காரணம்?

கண்டெய்னர்_கண்ணம்மா:
முதல் நாள் எல்லாரும் விழுற குழி இது. ஆப் கண்டெய்னருக்குள்ள உக்காந்துக்கிட்டு 127.0.0.1ன்னா அது அந்த கண்டெய்னரேதான், அங்க ஏது டேட்டாபேஸ்? கம்போஸ் ஒரு நெட்வொர்க் போட்டு சர்வீஸ் பேரையே ஹோஸ்ட் பேரா குடுத்திருக்கு. ஹோஸ்ட்னு இருக்கிற இடத்துல டிபின்னு சர்வீஸ் பேரைப் போடுங்க. போர்ட் 3306ஏதான், 3307ங்கிறது வெளியில இருந்து வர்றவங்களுக்கான வாசல், உள்ளுக்குள்ள பேசிக்கிறவங்களுக்கு அது கிடையாது.

அப்புறம் எது கிளம்பின பிறகு எது கிளம்பணும்னு சொல்ற டிபென்ட்ஸ் ஆன் போட்டிருப்பீங்க, அதை நம்பி இருக்காதீங்க. சும்மா போட்டா டேட்டாபேஸ் கண்டெய்னர் கிளம்பிடுச்சான்னு மட்டும்தான் பாக்கும், பேச ரெடியான்னு பாக்காது. ஹெல்த்செக் ஒண்ணு எழுதி, அது ஹெல்தின்னு சொன்ன பிறகு ஆப் கிளம்பணும்னு கண்டிஷன் குடுங்க.

பழைய_செர்வர்காரன்:
பாத்தீங்களா? பத்து நிமிஷ பிரச்சனை இப்ப ஒரு ராத்திரிய முழுங்கிடுச்சு, நேத்து வரைக்கும் உங்க வாழ்க்கையில ஹெல்த்செக்னு ஒரு வார்த்தை இருந்துச்சா? அடுத்தது நான் சொல்றேன் கேட்டுக்கங்க. உபுண்டுல கண்டெய்னர் உள்ள ரூட்டா, அதாவது எல்லா அதிகாரமும் இருக்கிற யூசரா, ஓடி ஸ்டோரேஜ் ஃபோல்டர்ல லாக் எழுதும். நீங்க வெளியில இருந்து அதை அழிக்கப் போனா அனுமதி இல்லைன்னு வரும். உடனே யார் வேணா எழுதலாம்னு திறந்து விடுற 777 போடுவீங்க. அப்புறம் அந்தப் பழக்கம் சர்வருக்கும் போகும்.

மூணாவது_ஆள்:
அண்ணா நீங்க என்ன ஜோசியரா. காலையில இருந்து அதான் நடக்குது. 777 போட்டுட்டேன் 😐

கண்டெய்னர்_கண்ணம்மா:
அதை எடுங்க முதல்ல. கம்போஸ்ல யூசர்னு ஒரு வரி இருக்கு, உங்க யூசர் ஐடி, குரூப் ஐடிய அதுல குடுங்க, உபுண்டுல முதல்ல உருவாக்கின யூசர்னா பெரும்பாலும் 1000தான். இந்த ஒரு விஷயத்துல பழையவர் சொல்றது நியாயம், லினக்ஸ்காரங்களுக்கு இது நிரந்தர தலைவலி.

மவுன_வாசகன்:
ரொம்ப நாளா படிக்க மட்டும் வர்ற ஆளு, இப்ப வாய தொறக்கிறேன். கம்போஸ்ல போர்ட்ட 3307:3306ன்னு வெறுமனே எழுதினா அது உங்க லேப்டாப்போட எல்லா நெட்வொர்க்லயும் திறக்கும். உபுண்டுல யூஎஃப்டப்ள்யூ ஃபயர்வால் போட்டிருக்கேன், அது தடுக்கும்னு நெனைக்காதீங்க, டாக்கர் தனியா ரூல் எழுதிக்கிட்டு அதைத் தாண்டிப் போயிடும். லோக்கல்தானேன்னு பாஸ்வேர்ட் ரூட்னு வெச்சிருப்பீங்க, உள்ள இருக்கிறதோ சர்வர்ல இருந்து எடுத்த நிஜ ஆளுங்க டேட்டா. பொது வைஃபைல உக்காந்தா கதை கந்தல். முன்னால 127.0.0.1ன்னு சேர்த்து எழுதுங்க. இன்னும் நல்லது, டம்ப் எடுக்கும்போதே ஈமெயில், ஃபோன் நம்பரெல்லாம் மாத்திட்டு எடுங்க.

பழைய_செர்வர்காரன்:
இந்த மனுஷன் இவ்ளோ நாள் எங்க இருந்தார்.

சரி, நானும் முழுசா எதிரி இல்ல. டேட்டாபேஸும் ரெடிஸும் கண்டெய்னர்ல இருக்கட்டும், வெர்ஷன் சண்டை அங்கதான் வருது. பிஎச்பியும் நோடும் நேரா மெஷின்லயே ஓடட்டும், மவுண்டும் இல்ல, யூசர் ஐடி கூத்தும் இல்ல, டிபக்கர் நேரா ஒட்டிக்கும். பிஎச்பி டிபக்கர் எக்ஸ்டிபக்க கண்டெய்னருக்குள்ள இருந்து எடிட்டருக்கு கொண்டு வர்றதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், கண்டெய்னர் வெளி மெஷினைக் கண்டுபிடிக்க லினக்ஸ்ல ஹோஸ்ட் கேட்வேன்னு தனியா ஒரு வரி எழுதணும்னு எவனும் சொல்லல.

கண்டெய்னர்_கண்ணம்மா:
அப்ப பிஎச்பியோட கூடுதல் மாட்யூலான எக்ஸ்டென்ஷன் ஒருத்தர்கிட்ட இருக்கும் ஒருத்தர்கிட்ட இருக்காது, திரும்ப பழைய குருடி கதவத் திறடி. இன்னொண்ணு, மேக்ல டிஃபால்டா ஃபைல் பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாக்காது. கிளாஸ் பேர் ஒரு மாதிரி, ஃபைல் பேர் ஒரு மாதிரி இருந்தாலும் அங்க ஓடும், லினக்ஸ் சர்வர்ல ஏத்தின உடனே கிளாஸே இல்லைன்னு விழும். கண்டெய்னர்னா லினக்ஸ், லோக்கல்லயே மாட்டிக்கும்.

பழைய_செர்வர்காரன்:
மாட்டாது! மேக் ஃபோல்டர மவுண்ட் பண்ணினா கண்டெய்னர் லினக்ஸா இருந்தாலும் அந்த ஃபோல்டர் மேக் குணத்தோடதான் உள்ள வரும். அப்பவும் அந்தத் தப்பு ஓடத்தான் செய்யும். இமேஜுக்குள்ள காப்பி பண்ணி டெஸ்ட் ஓட்டினாத்தான் பிடிபடும், அதை புஷ் பண்ணும்போது தானா டெஸ்ட் ஓட்டுற சிஐ பாத்துக்கட்டும். எல்லாரும் சொல்ற பாயிண்ட்தான் இது, ஓட்டிப் பாத்தவங்க கம்மி.

கண்டெய்னர்_கண்ணம்மா:
ம்ம். இப்பத்தான் ஒரு மேக்ல போட்டுப் பாத்தேன். ஓடுது. இந்த ரவுண்டு உங்களுக்கு. எக்ஸ்டென்ஷன் விஷயத்த நான் விடல.

மூணாவது_ஆள்:
எல்லாருக்கும் நன்றி. இன்னிக்கு டீம்ல பேசினோம், இப்போதைக்கு டிபியும் ரெடிஸும் மட்டும் கண்டெய்னர், ஆப் மெஷின்லயே. எக்ஸ்டென்ஷனுக்கு கம்போசர் (பிஎச்பி லைப்ரரி இன்ஸ்டால் பண்றது, டாக்கர் கம்போஸ் வேற) ஃபைல்ல ரிக்வயர்ல எழுதிட்டோம், இல்லைன்னா இன்ஸ்டால் ஆகும்போதே நின்னுடும். கண்ணம்மா மேடம் கோச்சுக்காதீங்க, ஆப் சர்வீஸ அழிக்கல, கமெண்ட் பண்ணித்தான் வெச்சிருக்கேன்.

ஒரு சின்ன சந்தேகம். டம்ப் ஃபைல இனிட் டிபி ஃபோல்டர்ல போட்டிருக்கேன், முதல் தடவை தானா ஏறிடுச்சு. இன்னிக்கு புது டம்ப் வெச்சு ரீஸ்டார்ட் பண்ணினா ஏற மாட்டேங்குது, பழைய டேட்டாதான் இருக்கு.

கண்டெய்னர்_கண்ணம்மா:
டேட்டா ஃபோல்டர் காலியா இருந்தாத்தான் அந்த இனிட் ஓடும். கம்போஸ் டவுன் மைனஸ் வி குடுத்து வால்யூம அழிச்சுட்டு திரும்ப அப் பண்ணுங்க.

மவுன_வாசகன்:
இருங்க இருங்க, எண்டர் தட்டாதீங்க. அந்த வி இந்த கம்போஸ் ஃபைல்ல இருக்கிற எல்லா வால்யூமையும் சேர்த்து அழிக்கும். ரெண்டு நாளா அந்த டிபில கையால ஏதாவது என்ட்ரி போட்டிருக்கீங்களா?

மூணாவது_ஆள்:
தட்டிட்டேன்.