தூள் விற்க ஈமெயிலா, பேஸ்புக்கா? அனுப்பிய மெயில் ஸ்பாமுக்குப் போகிறது

ஒட்டுசுட்டான் தூள்கடை:
வணக்கம். நானும் அம்மாவும் வீட்டில் வறுத்துத் திரித்த மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் விற்கிறோம். பேஸ்புக் பேஜுக்கு 2,800 லைக் இருக்கிறது. ஆனால் ஒரு பதிவை 150 பேர் பார்த்தாலே பெரிய காரியம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்த வெளிநாட்டு ஆட்கள், விசேஷ நாட்களுக்கு முன் அறிவிக்கச் சொல்லிக் கொப்பியில் ஈமெயில் எழுதிவிட்டுப் போனார்கள். தெரிந்தவர் ஒருவர் தந்த பட்டியலையும் அதோடு சேர்த்து, ஜிமெயிலில் பிசிசி (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத முறை) போட்டு 600 பேருக்கு அனுப்பினேன். பாதி போகவில்லை, போனதும் ஸ்பாமில் கிடக்கிறதாம். அடுத்த நாள் வரை வேறு மெயிலும் அனுப்ப முடியவில்லை. ஈமெயிலை விட்டுவிட்டுப் பேஸ்புக் விளம்பரம் போடவா? மாதம் 5,000 ரூபாதான் என்னால் முடியும்.

நெடுங்கேணிப் பெடியன்:
விடுங்கோ அக்கா. இங்கே யார் மெயில் பார்க்கிறார்கள்? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள்.

வவுனியா கணினிக்காரன்:
சாதாரண ஜிமெயிலில் நாளுக்கு 500 பேர்தான் எல்லை. தாண்டினால் ஒரு நாள் வரை பூட்டிவிடுவார்கள், அதுதான் நடந்திருக்கிறது. முதலில் அந்த இரவல் பட்டியலை அழியுங்கள் தங்கச்சி. அதில் செத்த முகவரிகள் நிறைய இருக்கும், அதனாலேயே ஸ்பாம் என்று நினைப்பார்கள். கனடாவில் 2014 ஜூலையிலிருந்து இதற்குச் சட்டமும் இருக்கிறது: சம்மதம் இல்லாமல் வியாபார மெயில் அனுப்பக்கூடாது, விலகும் வழியும் கொடுக்க வேண்டும். பிறகு கடைப் பெயரில் சொந்த டொமைன் (இணைய முகவரி) ஒன்று எடுத்து, மெயில் அங்கிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற இரண்டு அமைப்புகளையும் சரிசெய்து, மொத்தமாக மெயில் அனுப்பித் தருகிற சேவை ஒன்றால் அனுப்புங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கடுமையாக இருக்கிறது. பேஸ்புக்கை மட்டும் நம்பவும் வேண்டாம். 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று நாட்டில் அதை மூடிய நாட்கள் நினைவிருக்கும்தானே.

முறிகண்டி அக்கா:
எல்லாம் சரி, காசு யார் தருகிறார்கள் என்று பார்த்தீர்களா பிள்ளை? ஓடர் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள்.

ஒட்டுசுட்டான் தூள்கடை:
இப்போதுதான் எண்ணினேன். கடைசி 63 ஓடரில் 44-க்கு வெளிநாட்டிலிருந்துதான் காசு வந்திருக்கிறது. ஆனால் பார்சல் அதிகம் போனது இங்கேதான். மகன் ரொறன்ரோவில், தூள் முழங்காவிலில் இருக்கிற அம்மாவுக்கு!

முறிகண்டி அக்கா:
ஓம், அப்படித்தான் இருக்கும். அப்போ மெயில் மகனுக்கு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இரண்டு கிழமைக்கு முன். பார்சலோடு அம்மா நிற்கிற படத்தை, அவவிடம் கேட்டு எடுத்து, மகனின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். அடுத்த ஓடர் அதிலேயே வரும். பேஸ்புக் உங்களைத் தெரியாத ஆட்களுக்கு. விளம்பரம் போட்டால் இலங்கை முழுக்க விடாமல் ரொறன்ரோவில் இருக்கிற ஸ்காபரோ என்று இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். 5,000-உம் அதற்கே வேண்டாம், டொமைனுக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

ஒட்டுசுட்டான் தூள்கடை:
சரி அக்கா. இரவல் பட்டியலை அழித்துவிட்டேன். கொப்பியில் 87 பேர்தான் தேறுகிறார்கள். அதிலும் ஒரு முகவரியில் தூள் கை பட்டு, ஜிமெயில் என்பது மட்டும்தான் தெரிகிறது.