குளோஷர் இருக்கக் கிளாஸ் எதற்காம்?

அரைப்புள்ளி:
"ஜாவாஸ்கிரிப்டில் கிளாஸ் எழுதுகிறவருக்குக் குளோஷர் விளங்கவில்லை என்றுதான் பொருள்" என்று நேற்று லிஸ்ப்தாத்தா தீர்ப்பு வழங்கிவிட்டுப் போயிருக்கிறார். (புதியவர்களுக்கு: கிளாஸ் என்பது தரவையும் அதைக் கையாளும் ஃபங்ஷன்களையும் ஒன்றாகக் கட்டுகிற அச்சு; குளோஷர் என்பது தான் பிறந்த இடத்தின் வேரியபிள்களை நினைவில் வைத்திருக்கிற உள் ஃபங்ஷன்.) பதினோரு ஆண்டுகளாக இதே வேலையில் சோறு தின்கிற எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அவர் காட்டிய உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். 'கணக்கு' என்றொரு ஃபங்ஷன், அதற்குள் 'இருப்பு' என்றொரு வேரியபிள், அதைத் தொடக்கூடிய 'போடு', 'எடு', 'காட்டு' என்ற மூன்று உள் ஃபங்ஷன்கள். வெளியிலிருந்து வேறு எவரும் இருப்பில் கைவைக்க முடியாது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பத்தாயிரம் கணக்குகளை உருவாக்கினால் முப்பதாயிரம் ஃபங்ஷன் ஆப்ஜெக்டுகள் பிறக்கின்றன. கிளாஸில் அந்த மூன்று மெத்தடுகளும் எல்லாக் கணக்குகளும் பகிர்ந்துகொள்கிற ப்ரோட்டோடைப்பில் ஒரே ஒரு முறை இருந்தால் போதும். முதலில் இந்த முப்பதாயிரத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

லிஸ்ப்தாத்தா:
தம்பி, குளோஷர் என்ற சொல்லைக் கணினி அறிஞர் பீட்டர் லாண்டின் 1964-இலேயே எழுதிவிட்டார். 1975-இல் ஸ்கீம் மொழி அதன் மேல்தான் எழுந்து நின்றது. உங்கள் ஜாவாஸ்கிரிப்டுக்குக் கிளாஸ் என்ற சொல் வந்ததோ 2015-இல், அதுவும் பழைய ப்ரோட்டோடைப்புக்குப் புதுச் சட்டை மாட்டிய கதையாக. முப்பதாயிரம் என்று பூச்சாண்டி காட்ட வேண்டாம். ஃபங்ஷனின் நிரல் ஒன்றுதான், ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறப்பது அந்த நிரலையும் அதன் சூழலையும் சுட்டிக்காட்டுகிற ஒரு சிறிய ஆப்ஜெக்ட் மட்டுமே. கனி கையில் இருக்கக் காய்க்கு அலைகிறவர்களிடம் இதற்கு மேல் என்ன சொல்வது?

அரைப்புள்ளி:
சிறிய ஆப்ஜெக்ட் என்றீர்கள், சரி. அது எத்தனை என்று கேட்டேன். முப்பதாயிரம்.

வால்மீன்:
குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கிளாஸ் என்று நீங்கள் சொல்வது ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்று பெறும் மரபுரிமையையா, தரவை மறைப்பதையா, வெறும் எழுத்து வசதியையா என்று இருவருமே இன்னும் சொல்லவில்லை. பைத்தானில் வெளி வேரியபிளை உள் ஃபங்ஷன் மாற்றுவதற்கான 'நான்லோக்கல்' 2008-இல் 3.0 பதிப்போடுதான் வந்தது. அதுவரை ஒரே ஓர் உறுப்புள்ள பட்டியலுக்குள் எண்ணை ஒளித்துவைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். ஆகவே மொழியைச் சொல்லாமல் சண்டை போடுவதில் பயனில்லை.

லிஸ்ப்தாத்தா:
பைத்தானை யார் இங்கே அழைத்தது? மறைப்பதைப் பற்றிப் பேசுவோம். குளோஷரில் முதல் நாளிலிருந்தே இருப்பு மறைந்துதான் இருந்தது. கிளாஸ்காரர்கள் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டு, "தயவுசெய்து தொடாதீர்கள்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து தொட முடியாத, '#' குறியிட்ட தனிப்புலங்கள் ஜாவாஸ்கிரிப்ட் தரநிலைக்குள் நுழைந்தது 2022-இல்! அது மட்டுமா, 'காட்டு' மெத்தடை அப்படியே ஒரு பொத்தானின் க்ளிக்குக்குக் கொடுத்துப் பாருங்கள். மெத்தடை அழைத்த ஆப்ஜெக்டைக் குறிக்கிற 'திஸ்' என்ற சொல் உங்கள் கணக்கை மறந்துவிட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொள்ளும். குளோஷரில் 'திஸ்' என்ற தொல்லையே கிடையாது.

அரைப்புள்ளி:
'திஸ்' எதைக் குறிக்க வேண்டும் என்று கட்டிப்போடுகிற 'பைண்ட்' என்று ஒன்று இருப்பதைத் தாத்தாவுக்கு யாராவது சொல்லுங்கள்.

நான் ஏட்டுக்கணக்குப் பேசவில்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பெரிய அட்டவணை இருந்தது. உங்களைப் போன்ற ஓர் அன்பர் ஒவ்வொரு வரிக்கும் ஏழு உள் ஃபங்ஷன்கள் வைத்திருந்தார். மதியத்துக்குள் உலாவி மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். மெமரியைப் படம்பிடித்துப் பார்த்தபோது ஃபங்ஷன்கள் மட்டுமல்ல, வேறொன்றும் அகப்பட்டது: ஒரே இடத்தில் பிறந்த உள் ஃபங்ஷன்கள் அனைத்தும் குரோமின் வி8 இன்ஜினில் ஒரே சூழலைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று பெரிய அணி (தரவு வரிசை) ஒன்றைத் தொட்டிருந்தால், அதைத் தொடவே தொடாத இன்னொன்று உயிரோடு இருக்கும்வரை அந்த அணியும் மெமரியை விட்டுக் குப்பைக்குப் போகாது. வரி திரையிலிருந்து போன பிறகும் அதன் தரவு போகவில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. எழுதியவரோ "குளோஷர் உங்களுக்கு விளங்கவில்லை" என்றார். அதே வாக்கியம்தான், தாத்தா.

லிஸ்ப்தாத்தா:
க்ளிக் போன்ற நிகழ்வுக்காகக் காத்திருக்கிற ஃபங்ஷனை, அதாவது நிகழ்வுக்கேட்பியை, நீக்க மறந்தவரின் பிழையைக் குளோஷரின் தலையில் கட்டுகிறீர்கள். கிளாஸில் எழுதியிருந்தாலும் அது நீக்கப்படாமல்தான் கிடந்திருக்கும். சென்ற ஆண்டு நம் பொது நிரல் நூலகத்தில் நான் குளோஷரில் எழுதித் தந்த தேதித் தொகுதியை, ஒரு வார்த்தை கேட்காமல் கிளாஸாக மாற்றியவர் யார் என்பதை நான் மறக்கவில்லை.

அரைப்புள்ளி:
மாற்றியது நான்தான். அதற்கு நீங்கள் எழுதிய சோதனைகள் ஒன்றுவிடாமல் தேறின. ஆகவே குறை சொல்ல இடமில்லை.

மரக்கிளை:
குளோஷருக்கு 'அடைப்பு' என்றே எழுதலாமே? தமிழ்த் தளத்தில் இவ்வளவு ஆங்கிலம் ஏன்?

லிஸ்ப்தாத்தா:
அடைப்பு என்றால் சாக்கடைதான் நினைவுக்கு வரும்.

மரக்கிளை:
உங்களுக்கு வரும், ஐயா.

வால்மீன்:
என் செயலியில் மொத்தமே நான்கு கணக்குகள்தான். அதற்கு எதை எழுதினால் என்ன குறைந்துவிடும்?

அரைப்புள்ளி:
பன்னிரண்டு ஃபங்ஷன்கள். கிளாஸில் மூன்று.

லிஸ்ப்தாத்தா:
அந்த மூன்றையும் பொத்தானில் கட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்லுங்கள்.