பூனைக்குச் சூடான பால் வைத்த கதையைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

கெடிலக்கரை:
மஞ்சக்குப்பத்தில் ஞாயிறுதோறும் நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோம். போன வாரம் தெனாலிராமன் கதை. எலித்தொல்லை தீர ராயர் வீட்டுக்கொரு பூனையும், அதற்குப் பால் கொடுக்க ஒரு பசுவும் தருகிறார். ராமன் முதல் நாளே கொதிக்கக் கொதிக்கப் பாலை வைக்கிறான். வாய் வெந்த பூனை அப்புறம் பாலைக் கண்டாலே ஓடுகிறது. பால் முழுக்க ராமன் வீட்டுக்கு. பெரியவர்கள் சிரிக்கும் அந்த இடத்தில் ஒரு குட்டிப் பெண், "பூனை என்ன தப்பு பண்ணுச்சு?" என்றாள். முடிவை மாற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

முத்தியால்பேட்டை:
மறுக்கிறேன் அக்கா. கதையை உள்ளபடி சொன்னதால்தான் அந்தக் கேள்வியே வந்தது. ராமன் மனம் திருந்திப் பூனையைத் தடவிக்கொடுத்தான் என்று நீங்களே முடித்திருந்தால், அவள் கேட்க என்ன மிச்சம் இருந்திருக்கும்?

கெடிலக்கரை:
கேட்டது ஒருத்திதான் தம்பி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் வீட்டுக்குப் போய்த் தன் தங்கச்சியிடம் சூடான டம்ளரை நீட்டியிருக்கிறான். அவன் அம்மா வந்து சொன்னார். ராயர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. ராமன் கதைகளோ இன்றும் வாய்க்கு வாய் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. நாம் ஒரு வரி மாற்றினால் குடி முழுகிவிடாது.

புலியூர் வாத்தியார்:
தந்திரம் யார் மேல் பாய்கிறது என்று பாருங்கள். சிங்கத்தைக் கிணற்றில் குதிக்க வைத்த முயலைப் பிள்ளைகள் கொண்டாடுகிறார்கள், ஏனென்றால் முயல் எளியது. பூனை ராமனைவிட எளியது, அதனால் வலிக்கிறது. வாயிற்காவலர் கதையைச் சொல்லுங்களேன். பரிசில் ஆளுக்குப் பாதி கேட்ட காவலர்களுக்கு, ராமன் வேண்டுமென்றே கசையடித் தண்டனை வாங்கிப் பங்கு போட்டுக் கொடுக்கிறானே!

முத்தியால்பேட்டை:
சார், அதையும் பிள்ளைகள் விட்டுவைப்பதில்லை. எங்கள் தெருவில் சொன்னபோது ஒருவன், "ராஜாகிட்டயே நேரா சொல்லியிருக்கலாம்ல?" என்றான். இன்னொருவன், "சொன்னா நம்புவாரா?" என்று எகிறினான். கால் மணி நேரம் அவர்களே வழக்காடினார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பூனைக் கதைக்கும் அந்த நேரத்தைக் கொடுங்கள், டம்ளர் சங்கதியும் அங்கேயே பேசப்பட்டிருக்கும்.

கெடிலக்கரை:
முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் மனதிலும் என்ன தங்கியது என்று பார்க்க முடியாது தம்பி. வரும் ஞாயிறு காவலர் கதையைச் சொல்கிறேன், வழக்காடவும் விடுகிறேன். பூனைக் கதை ஏழு வயதுக்கு மேல்தான். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.