மதியம் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) 236. ஊசி போடச் சொல்கிறார்கள், போடலாமா?

குலைவண்டி எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 41, ஊர் திருவட்டாறு பக்கம். சொந்தமாக ஒரு டெம்போ வைத்திருக்கிறேன். வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் ஏற்றி, விடிவதற்குள் வடசேரி சந்தையில் இறக்க வேண்டும். இரவு இரண்டரைக்கு எழுந்தால்தான் முடியும். படுக்கப் பத்தரை ஆகிவிடும். மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வருடமாக உடம்பில் பெலமே இல்லை. முன்பெல்லாம் ஏத்தன் குலையைத் தோளில் தூக்கி வைத்து நடப்பேன். இப்போது குலையைப் பார்த்ததும் கிளீனர் பையனைத் தேடுகிறேன். வீட்டு விஷயத்திலும் நாட்டம் குறைந்துவிட்டது. முகம் தெரியாத இடம் என்பதால் எழுதுகிறேன், இல்லையென்றால் வாயைத் திறக்க மாட்டேன். மூத்தவளுக்கு 8 வயது. இரண்டாவது குழந்தைக்கு இரண்டு வருடமாகக் காத்திருக்கிறோம்.

மூன்று மாதம் முன்பு ஜிம்மில் சேர்ந்தேன். மாஸ்டர் என்னைப் பார்த்ததும் "அண்ணே, டெஸ்டோ பாருங்க" என்றார். சந்தையிலிருந்து வந்து, கிழங்கும் சாளைக் கறியும் சாப்பிட்டுவிட்டு, மதியம் இரண்டரை மணிக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். வந்தது 236. தாளில் 300 முதல் 1000 வரை என்று போட்டிருக்கிறது.

மற்றவை: எச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சுகர்) 6.3, டிரைகிளிசரைடு 260, நல்ல கொழுப்பு 34. ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு. எடை 92 கிலோ, உயரம் 168, இடுப்பு 104 சென்டிமீட்டர்.

வாரம் ஒரு ஊசி, கூடவே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை அடைக்க ஒரு மாத்திரை, மூன்று மாதத்தில் காளை மாதிரி ஆகலாம் என்கிறார் மாஸ்டர். போடலாமா? இன்னொன்று, இந்த ஹார்மோன் குறைந்ததால் தொப்பை வந்ததா, தொப்பையால் ஹார்மோன் குறைந்ததா?

சிரிஞ்சும்_சிரிப்பும் எழுதியது:

அண்ணா, நான் தக்கலையில் லேப் டெக்னீஷியன். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அந்தத் தாளைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். மதியம் இரண்டரை மணி, அதுவும் வயிறு நிறையக் கிழங்கு சாப்பிட்ட பிறகு! இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், நேரம் போகப் போக இறங்கும். மாவுச்சத்து உள்ளே போனாலும் சில மணி நேரத்துக்கு இறங்கும். 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாட்களில் எடுத்து, இரண்டும் குறைவாக இருந்தால்தான் குறைவு என்றே பேச வேண்டும்.

உங்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ஊருக்கு 7 மணி என்றால் நீங்கள் எழுந்து நாலரை மணி நேரம் ஆகியிருக்கும். சந்தைக்குப் போகாத நாளில், முந்தைய இரவு ஒழுங்காகத் தூங்கிவிட்டு வாருங்கள். காய்ச்சல் வந்து போன வாரத்திலும் எடுக்க வேண்டாம். முடி வளர என்று பயோட்டின் சாப்பிடுகிறீர்களா? சில மெஷின்களில் அது டெஸ்டோஸ்டிரோனை இல்லாத அளவுக்குக் கூட்டிக் காட்டும், இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள்.

எடுக்கும்போது எல்எச், எஃப்எஸ்எச் (மூளையிலிருந்து விரைக்குக் கட்டளை போடும் ஹார்மோன்கள்), புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), டிஎஸ்எச் (தைராய்டுக்கு), அல்புமின் (ரத்தப் புரதம்), முக்கியமாக எஸ்எச்பிஜி எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். எஸ்எச்பிஜி ஏன் என்பதை விவரம் தெரிந்தவர் யாராவது சொல்வார்கள். எனக்குக் குழாயை நிரப்பத்தான் தெரியும் :)

இரும்புக்கை எழுதியது:

அண்ணே இவங்க எல்லாம் பயமுறுத்துவாங்க. நான் எட்டு மாசமா போடுறேன், சிங்கம் மாதிரி இருக்கேன். யோசிக்காதீங்க.

மாத்திரைமாமா எழுதியது:

தம்பி இரும்புக்கை, எட்டு மாதத்தில் ஒரு தடவையாவது ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்த்தாயா? நான் கருங்கலில் மருந்துக்கடை நடத்தி ஓய்ந்தவன், 61 வயது. சரக்கு கையிலேயே இருந்ததால் 52 வயதில் நானும் யாரையும் கேட்காமல் ஊசி போட்டுப் பார்த்தேன். நாலு மாதம் சிங்கம்தான். ஐந்தாம் மாதம் தலைபாரம், முகம் சிவப்பு. ஹீமோகுளோபின் 18.4, ஹீமடோக்ரிட் 56. ரத்தம் கஞ்சி மாதிரி கெட்டியாகிவிட்டது என்று டாக்டர் திட்டினார். ஊசியை நிறுத்தி, ஒரு பாட்டில் ரத்தத்தையும் வெளியே எடுத்தார்கள்.

குலைவண்டி தம்பிக்கு இப்போது. ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் 100க்கு இரண்டு மூன்றுதான் தனியாகத் திரியும். மீதியில் ஒரு பங்கு எஸ்எச்பிஜி என்ற புரதத்தோடு இறுகியும், மறுபங்கு அல்புமினோடு தளர்வாகவும் ஒட்டிக்கொண்டிருக்கும். எஸ்எச்பிஜியைச் செய்வது ஈரல். ஈரலில் கொழுப்பு ஏறி, ரத்தத்தில் இன்சுலின் கூடியே கிடந்தால் ஈரல் அதைக் குறைத்துவிடும். ஒட்ட வைக்கும் சரக்கு குறைந்தால் மொத்தக் கணக்கும் குறைந்துதான் தெரியும், ஆனால் தனியாகத் திரியும் பங்கு சரியாகவே இருக்கலாம். உன் 236 முழுக்க ஆண்மைக் கணக்கு இல்லை, பாதி ஈரலின் கணக்கு.

இன்னொரு பாதியும் உண்டு. தொப்பைக் கொழுப்பில் அரோமாடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரடயோலாக (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை) மாற்றும். அதோடு கொழுப்பிலிருந்து கிளம்பும் அழற்சி, இன்சுலின் வேலை செய்யாமை எல்லாம் சேர்ந்து மூளையிலிருந்து வரும் எல்எச் கட்டளையை மந்தமாக்கும். விரை சும்மா இருக்குமே தவிரக் கெட்டுப்போய் இருக்காது. எல்எச் குறைவாகவோ நடுத்தரமாகவோ வந்தால் இந்தக் கதை. எல்எச் எகிறியிருந்தால் விரையிலேயே கோளாறு, அது வேறு கதை.

தொப்பை முதலா ஹார்மோன் முதலா என்று கேட்டாய். இரண்டு பக்கமும் ஓடும் ரோடு அது. புராஸ்டேட் புற்றுநோய்க்காக இந்த ஹார்மோனை மருந்தால் அடக்கும் ஆண்களுக்குச் சில மாதங்களிலேயே கொழுப்பு கூடுகிறது, தசை கரைகிறது, சுகர் வரும் வாய்ப்பும் ஏறுகிறது. ஆனால் உன் வயதில், 104 இடுப்போடு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் தொப்பையிலிருந்துதான் வண்டி கிளம்பியிருக்கும். நம் நாட்டு ஆண்களுக்கு எல்லைக்கோடு 90.

ஊசியால் சுகரைத் தடுக்கலாம் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் 50 முதல் 74 வயதுள்ள ஆயிரம் பேரிடம் இரண்டு வருடம் பார்த்தார்கள், 2021இல் முடிவு வந்தது. எல்லோருக்கும் எடை குறைப்புத் திட்டம் இருந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 21 சதவீதம் பேருக்குச் சுகர், மருந்து போட்டவர்களில் 12. நல்லதுதான். ஆனால் அதே மருந்துக்காரர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் என் கதி, ஹீமடோக்ரிட் 54ஐத் தொட்டது. அமெரிக்காவில் ஐயாயிரம் பேரிடம் நடந்து 2023இல் வந்த சோதனையில் மாரடைப்பு கூடவில்லை, இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக் கட்டியும் சற்றுக் கூடின. சுகர் எல்லையில் இருந்தவர்களுக்கு அங்கே பலன் தெரியவில்லை.

இதையெல்லாம் விடு. உனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் அல்லவா? வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை எல்எச்சையும் எஃப்எஸ்எச்சையும் நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தியும் நிற்கும். உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்டு இதை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்தது; 1990இல் வந்த முடிவில் பெரும்பாலோருக்கு அணுவே இல்லை. பிள்ளைக்காக ஏங்குகிறவனிடம் உன் மாஸ்டர் கருத்தடையை விற்கிறார். நிறுத்தினாலும் திரும்ப மாதக்கணக்கில் ஆகும்.

அந்த மாத்திரையும் வேண்டாம். ஈஸ்ட்ரடயோல் பெண்களுக்கு மட்டும் உரியது இல்லை. நம் எலும்புக்கும், ஆசைக்கும்கூட அது தேவை.

கடைசியாக, நீ குறட்டை விடுவாயா? உன்னைக் கேட்டால் தெரியாது, வீட்டில் கேள்.

குலைவண்டி எழுதியது (ஏழு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. ஊசி போடவில்லை. மாஸ்டர் இப்போது என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

லேப் தங்கச்சி சொன்னபடி இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெறும் வயிற்றில் கொடுத்தேன். ஒன்று 312, இன்னொன்று 298. எஸ்எச்பிஜி 14. எல்எச் 3.8, புரோலாக்டின், தைராய்டு சரி. நாகர்கோவிலில் ஹார்மோன் டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்து, தனியாகத் திரியும் பங்கு எல்லைக்குள் இருக்கிறது, இப்போதைக்கு மருந்து தேவை ஈரலுக்கும் சுகருக்கும்தான் என்றார். விந்து பரிசோதனையில் எண்ணிக்கை குறைந்தபட்ச அளவுக்குச் சற்று மேலே. ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வெப்ராளமாக இருக்கிறது.

மதியம் கிழங்கு பாதி, சாளை இரட்டிப்பு. சந்தையில் வடையும் பழபஜ்ஜியும் இல்லை, அங்கேதான் கஷ்டம். மூன்று மணிக்குக் குளிரில் சுடச்சுட எண்ணெயிலிருந்து எடுக்கும்போது யாராவது நின்று பாருங்கள். வாரம் மூன்று நாள் பளு தூக்குகிறேன். எடை 88, இடுப்பு 100. தூக்கம்தான் இன்னும் ஒழுங்காகவில்லை. இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க விட்டாலே பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10, 15 சதவீதம் குறைகிறது என்று டாக்டர் சொன்னார். மச்சினனோடு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வண்டியை மாற்றிக்கொள்வதாகப் பேசியிருக்கிறேன்.

மாமா, வீட்டில் கேட்டேன். குறட்டை மட்டும் இல்லையாம், நடுவில் மூச்சே நின்று, அவள் தோளைத் தட்டிய பிறகு திரும்ப வருகிறதாம். எட்டு வருடமாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள், ஒருநாளும் சொன்னதில்லை. தூக்கப் பரிசோதனைக்கு மார்த்தாண்டம் பக்கம் எங்கே போகலாம்? மெஷினை வீட்டுக்கே கொடுத்துவிடுவார்களா, அங்கே போய்ப் படுக்க வேண்டுமா?