புதுப்பிப்பு: இன்குபேட்டரில் 21ஆம் நாள் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்தது, காரணம் தெரிந்தது

போன ஈட்டில் 24 நாட்டுக்கோழி முட்டையில் 7 தான் பொரிந்தது, மற்றவை முழு வளர்ச்சியோடு ஓட்டுக்குள் ஈரமாகச் செத்துக் கிடந்தன என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இந்த முறை 24க்கு 19. இரண்டு கூமுட்டை.

கை கொடுத்தது உப்புச் சோதனை. ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறு போல நனைத்து, ஈரப்பத மீட்டரோடு ஜிப் கவரில் ஒரு ராத்திரி வைத்தேன். மூடிய கவருக்குள் நனைந்த உப்பு ஈரப்பதத்தை 75 சதவீதத்தில் நிறுத்தும். 75 காட்ட வேண்டிய மீட்டர் 63 காட்டியது! நான் 55 என்று நம்பியது உண்மையில் 67. அதனால் முட்டையில் நீர் வற்றவில்லை, பொரியும் முன் குஞ்சு மூச்சு விட வேண்டிய காற்றுப்பை பெரிதாகவில்லை.

அப்புறம் முதல் 18 நாள் தண்ணீரே ஊற்றவில்லை. எங்கள் கடலூர் முதுநகர் கடற்காற்றுக்கு, இன்குபேட்டருக்குள் ஈரப்பதம் தானாகவே 45 நின்றது, இதை நான் எதிர்பார்க்கவில்லை. சூடு எப்போதும் போல 37.5. எடை பார்க்கச் சொன்ன பண்ருட்டி அண்ணன் யோசனையும் சரி: 50 கிராம் முட்டை 18ஆம் நாள் 44க்கு வந்தது, அதாவது 12 சதவீதம் குறைவு. அன்றே திருப்புவதை நிறுத்தி, தட்டில் தண்ணீர் ஊற்றி ஈரப்பதத்தை 68க்கு ஏற்றினேன்.

ஒரு குஞ்சு ஓட்டை போட்டு 14 மணி நேரம் அலகை மட்டும் நீட்டிக்கொண்டு கத்தியது. மனசு கேட்கவில்லை, ஆனாலும் இன்குபேட்டர் மூடியைத் திறக்கவில்லை. விடியற்காலை தானே வெளியே வந்துவிட்டது.