12,000 பவுண்டு வின்ச்சும் ஒரு வேலிக்கருவையும்

கோவில்பட்டியிலிருந்து:

வண்டி சேற்றில் சிக்கினால் மோட்டாரால் வடத்தைச் சுற்றி இழுத்து வெளியே எடுக்கும் வின்ச் வாங்கலாமா, எது வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு, நான் வாங்கி ஏமாந்த கதையைச் சொல்கிறேன்.

ஐப்பசி மழைக்கு அப்புறம் கரிசல் காட்டில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். மேலே காய்ந்த மாதிரிதான் இருக்கும். டயர் பதிந்ததும் உளுந்த மாவு மாதிரி அப்பிக்கொள்ளும். நாலு சுற்றில் டயரின் பள்ளமெல்லாம் அடைத்துப்போய் வழுவழு உருளை ஆகிவிடும். விளாத்திகுளம் பக்கம் எங்கள் நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதையில் என் பழைய டீசல் ஜீப் அப்படித்தான் அச்சு வரை இறங்கியது.

வின்ச் இருக்கிற தைரியத்தில்தான் இறக்கினேன். அதன் இழுவை 12,000 பவுண்டு, அதாவது 5,400 கிலோவுக்கும் மேல். ஜீப்போ ஆள், சாமான் எல்லாம் சேர்ந்தாலும் 2 டன்னைச் சுற்றித்தான் வரும். யானையையே இழுக்கும் என்று மச்சினனிடம் பீற்றியிருந்தேன். அன்றைக்கு அவனும் வண்டியில் இருந்தான்.

ஒரு பனைமரம் நூறடி தள்ளி நின்றது. என் கம்பி வடம் 80 அடிதான். பத்துப் பன்னிரண்டு அடியில் ஒரு வேலிக்கருவை இருந்தது. சரி என்று அதில் மாட்டி இழுத்தேன். ஹெட்லைட் மங்கியது, மோட்டார் முனகியது, வண்டி அசையவில்லை. விடாமல் பட்டனை அழுத்தினேன். கருவை மெதுவாகச் சாய்ந்து, வேரோடு எங்களைப் பார்த்து வர ஆரம்பித்தது. “அத்தான், வண்டி மரத்துக்கிட்ட போகல, மரம்தான் வண்டிக்கிட்ட வருது” என்றான் மச்சினன்.

கடைசியில் ஒரு டிராக்டர் அண்ணாச்சிதான் வந்து இழுத்துவிட்டார். காசு வாங்கவில்லை. ஆனால் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

பின்னால்தான் புரிந்தது. பெட்டியில் போட்டிருக்கும் எண், வடம் சுற்றும் உருளையில் அடி அடுக்குச் சுற்று மட்டும் மிச்சம் இருக்கும்போது கிடைக்கும் இழுவை. மேலே ஒவ்வொரு அடுக்கு ஏறும்போதும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். நான் பன்னிரண்டு அடி வடத்தை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, முழுக்கச் சுற்றிய உருளையை வைத்து இழுத்திருக்கிறேன். மூன்றில் இரண்டு பங்கு வந்திருந்தாலே பெரிது. சேறு வேறு தன் பங்குக்குப் பிடித்து வைத்திருந்தது. சக்கரம் முழுகிய வண்டியை இழுக்க அதன் எடை அளவுக்கே விசை வேண்டும், மட்கார்டு வரை போனால் இரண்டு மடங்கு என்று பட்டாளத்தில் கணக்கு வைத்திருக்கிறார்கள். மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு வின்ச் வேண்டும் என்று சொல்வது குறைந்தபட்சக் கணக்குத்தான்.

அப்புறம் பேட்டரி. முழுப் பாரத்தில் 12 வோல்ட் வின்ச் 400 ஆம்பியர் வரை குடிக்கும். பழைய ஜீப்பில் இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் அதில் கால்வாசிகூடக் கொடுக்காது. மிச்சத்துக்கு பேட்டரிதான், என்னுடையதோ மூன்று வயதுக் கிழம். இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, மோட்டாரை ஆறவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். பட்டனை அழுத்திப் பிடித்தபடி நின்ற எனக்கு இது அப்போது தெரியாது.

அந்த வின்ச்சை விற்றுவிட்டேன். வடத்தோடு 40 கிலோவை ஒட்டி எடை, முன் ஸ்பிரிங் பட்டையே தொங்கிப்போயிருந்தது. இப்போது 9,500 பவுண்டு, சிந்தெடிக் கயிறு, புது பேட்டரி, மரத்தில் சுற்ற அகலமான பட்டை, நூறடி நீட்டிப்புக் கயிறு, முக்கியமாக ஒரு கப்பி. நம் கிணற்றுக் கப்பியின் அண்ணன்தான். அதில் கயிற்றை மடக்கி வண்டிக்கே கொண்டுவந்து மாட்டினால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பு, வேகம் பாதி. கயிறு இரண்டு மடங்கு வெளியே போவதால் உருளையும் தானாக அடி அடுக்குக்கு இறங்கிவிடும். மறு வருஷம் அதே இடம், அதே பனை, பத்து நிமிஷத்தில் வெளியே. ஒன்று, பனையில் விழும் பாரமும் இரட்டிப்பாகும். அதனால் பட்டையை வேருக்குப் பக்கத்தில் கட்டுங்கள்.

வால்பாறையிலிருந்து:

அண்ணே, கயிறு பற்றி நான் சொல்கிறேன். கம்பி வடம் பழசானால் இழை பிரிந்து முள்ளாக நிற்கும். ஒருமுறை கையுறை இல்லாமல் வடத்தைக் கைக்குள் ஓடவிட்டு, உள்ளங்கையில் ஏறிய முள்ளை ஊசியால் எடுத்தேன். அது பரவாயில்லை. இழுவிசையில் வடம் அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பும். வடத்தின் நடுவில் ஈரச் சாக்கையோ கனமான ஜமுக்காளத்தையோ போட்டுவிட்டு, ஆட்களை விலக்கிவிட்டுத்தான் பட்டனைத் தொடுவேன்.

சிந்தெடிக் கயிற்றில் அந்தப் பயம் குறைவு. ஆனால் எங்களை மாதிரி மலையில் வண்டியை வின்ச்சில் பிடித்து இறக்குகிறவர்கள் கவனிக்கணும். பெரும்பாலான வின்ச்களில் பிரேக் உருளைக்குள்ளேயே இருக்கிறது. இறக்கும்போது உருளை கொதிக்கும், அந்தக் கயிறு 145 டிகிரியிலேயே உருகிவிடும். என்னுடையதில் அடிச்சுற்று கண்ணாடி மாதிரி விறைத்துப்போனதால் வெட்டி எறிந்தேன். கம்பி வடத்தைக் கயிறாக மாற்றும்போது, வடம் வெளியே வரும் வழியில் இருக்கும் ரோலரையும் எடுத்துவிட்டு வழவழப்பான அலுமினிய வாய் போடுங்கள். வடம் அறுத்த பழைய ரோலர் புதுக் கயிற்றைத் தின்றுவிடும்.

ஷார்ஜாவிலிருந்து:

இங்கே மணலில் மரத்துக்கு எங்கே போவது? ஸ்டெப்னியைக் குழி தோண்டிப் புதைத்து அதில் மாட்டுவோம். இடுப்பளவுக் குழி, ஜூலை வெயில், நினைத்தாலே நாக்கு வறள்கிறது. டயர் காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கினாலே பத்தில் ஏழெட்டுத் தடவை வண்டி தானாக வந்துவிடும். இரண்டாவது வண்டி இல்லாமல் நான் மணலில் இறங்குவதே இல்லை. வின்ச் வாங்கிய காசுக்கு டயருக்குக் காற்றடிக்க ஒரு நல்ல கம்ப்ரஸர் வாங்கியிருக்கலாமே என்று அவ்வப்போது தோன்றும்.

கோவில்பட்டியிலிருந்து:

தம்பி சொல்வது மணலுக்குச் சரி. கரிசலில் காற்றை இறக்கினாலும் டயர் மாவுருண்டைதான்.

வின்ச் மாட்ட முன் பம்பரை மாற்றலாமா என்று தனியாகக் கேட்டவருக்கு: புல் பார் மாதிரி முன்னால் கம்பி நீட்டிக்கொண்டிருப்பதை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்று சொல்லிவிட்டது. ஏர்பேக் உள்ள புது வண்டியில் முன்பக்கம் கை வைத்தால் சென்சாருக்கும் தொந்தரவு. ஒரிஜினல் பம்பருக்குள் மறைவாகப் பொருத்த முடியுமா என்று முதலில் பாருங்கள், அப்புறம் பவுண்டு பேசலாம்.

அந்த வேலிக்கருவை சாய்ந்த வாக்கிலேயே மறுபடி துளிர்த்துவிட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மச்சினன் அதற்கு ஒரு கும்பிடு போடுகிறான்.