விண்வெளி வீரர்கள் வீட்டாருடன் பேச முடியுமா?

கேள்வி (திருமங்கலத்திலிருந்து):
ஏறத்தாழ எட்டு நாள் பயணமாக 2024 ஜூன் 5 அன்று புறப்பட்ட சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 286 நாட்கள் கழித்தே திரும்பினர். அதுவரை வீட்டாருடன் பேசவே முடியாதா என்று என் பேத்தி கேட்கிறாள். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (மேலூர்):
தாராளமாகப் பேசலாம் ஐயா. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இணையவழித் தொலைபேசி உண்டு. செயற்கைக்கோள் வழியாகக் குரல் சற்றுத் தாமதித்தே வருவதால், ஏதோ தவறான அழைப்பு என்று எடுத்தவர் வைத்துவிடவும் கூடும்!

பதில் (மதுரை, ஆசிரியை):
பேசுவதும் உடனிருப்பதும் ஒன்றாகிவிடுமா? 2025 ஜூன் 25 அன்று புறப்பட்ட இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லாவுக்குப் பிரிவு தரையிலேயே தொடங்கிவிட்டது. நோய்த்தொற்றைத் தவிர்க்கத் தனிமைப்படுத்தப்பட்டிருந்த அவரைப் பார்க்க வந்த குடும்பத்தார் எட்டு மீட்டர் தள்ளியே நிற்க வேண்டியிருந்தது. கையில் கிருமி இருப்பதால் அப்பாவைத் தொடக்கூடாது என்று சொல்லப்பட்ட அவருடைய சிறு மகன், வரும்போதெல்லாம், "கை கழுவிக்கொள்ளட்டுமா?" என்று தாயிடம் கேட்பானாம். இதைச் சுக்லாவே எழுதியிருக்கிறார். ஏவுதல் தள்ளிப்போகத் தள்ளிப்போக அந்தத் தனிமையும் நீண்டதுதான் கொடுமை.

திருமங்கலத்திலிருந்து:
இருவருக்கும் நன்றி. பேத்தியிடம் படித்துக் காட்டினேன். சோப்பு போட்டுக் கழுவினால் போதாதா என்கிறாள். இதற்கும் யாரேனும் பதில் சொல்லுங்கள்.

பதில் (மேலூர்):
போதாது அம்மா. மூச்சிலும் இருமலிலும் பரவும் சளிக் காய்ச்சலைச் சோப்பு தடுக்காதே.